நூல் வாசிப்பு நிகழ்ச்சியில் சேவைக் குறைபாடு: புகார்

அனுப்புநர்:
தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பகுதி வாசகர்கள்,
சென்னை.

பெறுநர்:
பொது மேலாளர் (வாடிக்கையாளர் சேவை),
புத்தக விற்பனை நிறுவனத்தின் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: பழைய வண்ணாரப்பேட்டைக் கிளையில் நடந்த வாசிப்பு நிகழ்ச்சி – இருக்கைக் கட்டணத்தைத் திருப்பித் தரவும், கையொப்பம் கிடைக்காதவர்களுக்கு ஈடு செய்யவும் கோருதல்.

ஐயா / அம்மா,

கடந்த ஞாயிறு மாலை 5 மணிக்கு உங்கள் கிளையின் முதல் மாடியில் எழுத்தாளர் தம் புதிய நாவலிலிருந்து வாசிப்பார் என்று அறிவித்து, கூப்பன் ஒன்று 450 ரூபாய்க்கு விற்றீர்கள். நாவலின் விலை 400. மீதி 50 ரூபாய் இருக்கைக்கும் கையொப்பத்துக்கும் என்று கூப்பனிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகவே, இது இலவச நிகழ்ச்சி என்று உங்கள் கிளை மேலாளர் சொன்ன பதிலை நாங்கள் ஏற்கவில்லை.

அலமாரிகள் போக அந்த மாடியில் காலியிடம் 900 சதுர அடிக்கு மேல் இருக்காது. நாற்காலி, கால் வைக்க இடம், நடுவில் நடைவழி என்று பார்த்தால் ஓர் ஆளுக்கு 8 சதுர அடியாவது வேண்டும். நூற்றுப் பத்துப் பேருக்குத்தான் கணக்கு வரும். எங்களிடம் உள்ள கூப்பன் ஒன்றின் வரிசை எண் 263. விற்கும்போதே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

கூட்டத்தைவிட மோசமானது அது நின்ற விதம். திறந்திருந்த படிக்கட்டு ஒன்றுதான், அகலம் நாலடி. அதன் அடியில் பில் கவுன்டர், உச்சியில் கூப்பன் சரிபார்ப்பு. பில் போட நின்றவர்கள், மேலே ஏறியவர்கள், மூச்சுமுட்டுகிறது என்று கீழே இறங்கியவர்கள் எல்லாரும் அதே படியில் சிக்கினார்கள். கைக்குழந்தையோடு வந்த பெண்கள் நடுப்படியில் திரும்பவும் முடியாமல் நின்றார்கள். பின்பக்கப் படிக்குப் போகும் கதவைத் திறக்கலாம் என்றால், பிரிக்காத புத்தகப் பண்டில்களைக் கதவை ஒட்டி இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். ஓர் ஒயர் புகைந்திருந்தால்கூட அத்தனை பேரும் அந்த நாலடிப் படியைத்தான் நம்பியிருக்க வேண்டும். தாளும் அட்டையும் நிறைந்த கடையில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கூப்பனைத் தெருவாசலிலேயே பார்த்து, முன்பக்கம் ஏற்றிப் பின்பக்கம் இறக்கியிருந்தால் பாதி நெரிசல் இருந்திருக்காது.

நிகழ்ச்சி ஆறரைக்குத்தான் தொடங்கியது. ஒலிபெருக்கிகள் இரண்டையும் எழுத்தாளருக்குப் பின்னால் சுவரோரம் வைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போனால் 'கீ' என்று கத்தத்தான் செய்யும். அதை நிறுத்த ஊழியர் வால்யூமைக் குறைத்தார். நாலாவது வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டது. ஒலிபெருக்கி மைக்குக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த மாடி குறுகி நீண்டது. நடுவில் இன்னொன்று வைத்திருந்தால் கடைசி வரை கேட்டிருக்கும். புத்தகத்தைக் குனிந்து வாசிப்பவருக்கு ஸ்டாண்ட் மைக் ஒத்துவராது, வாய் விலகிக்கொண்டே போகும். சட்டையில் குத்தும் காலர் மைக்தான் சரி. எழுத்தாளர் மீது எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் இரண்டு முறை நிறுத்தி, கேட்கிறதா என்று கேட்டார்.

கையொப்பத்துக்கு வருவோம். பெயர் கேட்டு, எழுத்துக்கூட்டி, பக்கம் திருப்பி, செல்ஃபியும் எடுத்தால் ஒருவருக்கு 45 வினாடி ஆகும். 260 பேருக்கு அது மூன்றேகால் மணி நேரம். வரிசையில் நிற்கும்போதே துண்டுச்சீட்டில் பெயரை எழுதி வாங்கி, தலைப்புப் பக்கத்தில் செருகி, விரித்த புத்தகமாக நீட்ட ஓர் ஆள் போதும். 15 வினாடியில் முடியும், அத்தனை பேருக்கும் ஒரு மணி ஐந்து நிமிடம். இதில் எதுவும் செய்யவில்லை. ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, மீதிப்பேர் கிளம்பலாம் என்றார்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் எண்ணூர், மீஞ்சூர் போக வேண்டியவர்கள் அதற்கு வெகு முன்பே ரயிலுக்காகப் போய்விட்டார்கள். கையொப்பம் கிடைத்தவர்களின் பிரதிகளிலும் பாதி பாழ். வழவழப்பான தாளில் ஜெல் பேனா உடனே உலராது. மூடியதும் மை எதிர்ப்பக்கத்தில் அப்பிவிட்டது. இடையில் ஒரு துண்டு நியூஸ்பிரின்ட் வைத்துத் தருவதற்கு என்ன செலவு?

இதற்கெல்லாம் மேலே, "இந்தப் பக்கத்துக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாது" என்று உங்கள் ஊழியர் மைக்கில் சொன்னது எங்களை மிகவும் புண்படுத்தியது. படிக்கட்டில் அத்தனை நேரம் நின்றும் யாரும் ஒரு புத்தகத்தைக்கூடக் கீழே தள்ளவில்லை. இலக்கிய நிகழ்ச்சி என்றால் மயிலாப்பூருக்கும் ஆழ்வார்பேட்டைக்கும், புத்தகக் காட்சி என்றால் நந்தனத்துக்கும் இங்கிருந்து போய்ப் பழகியவர்கள் நாங்கள். எங்கள் பக்கத்திலேயே ஒன்று நடக்கிறதே என்றுதான் இவ்வளவு பேர் வந்தார்கள். கூட்டம் வந்தது உங்களுக்குக் கிடைத்த மரியாதை. இதைக் காரணம் காட்டி வடசென்னையில் நிகழ்ச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

நாங்கள் கேட்பது: இருக்கை கிடைக்காத ஒவ்வொருவருக்கும் 50 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கையொப்பம் கிடைக்காதவர்களுக்கு, எழுத்தாளரிடம் ஒட்டுச்சீட்டுகளில் கையொப்பம் வாங்கிக் கிளையிலேயே தரலாம். நாவலின் முதல் பக்கத்தில் ஒட்டிக்கொள்வோம். மை அப்பிய பிரதிகளை மாற்றித் தர வேண்டும். மைக்கில் சொன்னதற்கு எழுத்துபூர்வமாக வருத்தம் தெரிவிக்க வேண்டும். பின்கதவை மறைக்கும் பண்டில்களை இன்றே அகற்றுங்கள். அதற்கு எங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வோம். அதன் பிறகு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மனுவுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள வாசகர்கள்

இணைப்பு: கூப்பன் நகல்கள், பில் நகல்கள், பின்கதவின் புகைப்படங்கள்.