ஓசூர் இஞ்சின் பொறியாளர்களுக்கு, கொங்கு நாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

ஓசூரில் டிவிஎஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் இஞ்சின் வரைபவர்கள், ஓட்டிச் சோதிப்பவர்கள், டியூன் செய்பவர்கள் எல்லோருக்கும் இந்த மடல். விற்பனைப் பிரிவுக்கு எழுதவில்லை. விலை, வண்ணம், தவணை பற்றி அவர்களிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) எத்தனை பாகையில் இருக்க வேண்டும், வால்வு எப்படித் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள்தான். அதனால் உங்களிடம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆழியாறு சோதனைச் சாவடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டீ குடிப்பவர்களிடம் கேளுங்கள், கொல்லிமலை அடிவாரம் காரவள்ளியில் நிற்கும் பசங்களிடம் கேளுங்கள். பேச்சு ஒன்றேதான்: ஓசூரிலிருந்து இரண்டு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக் எப்போது வரும்? இந்த ஆசை காற்றில் பிறந்ததல்ல. 2013-இல் பிஎம்டபிள்யூவோடு ஒப்பந்தம் போட்டீர்கள். 2017 டிசம்பரில் உங்கள் ஸ்போர்ட்ஸ் பைக் அப்பாச்சி ஆர்ஆர் 310 வந்தது. இப்போது பிஎம்டபிள்யூவின் எஃப் 450 ஜிஎஸ் உங்கள் ஓசூர் ஆலையில்தான் உருவாகிறது. 420 சிசி, இரண்டு சிலிண்டர், 48 குதிரைத்திறன், 43 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்). இதைக் கட்டத் தெரிந்த கைகள் நம்ம ஊர்ப் பக்கமே இருக்கும்போது, ஆர்ஆர் வரிசைக்கு அப்படி ஒரு இஞ்சினை எதிர்பார்ப்பதில் என்ன தப்பு?

2020 ஏப்ரலில் பிரிட்டனின் நார்டன் மோட்டார்சைக்கிள் நிறுவனத்தை 1.6 கோடி பவுண்டுக்கு நீங்கள் வாங்கியபோது இங்கே பலருக்கு அது சொந்த வீட்டு விசேஷம். 1898-இல் பர்மிங்காமில் தொடங்கிய பெயர் அது. இப்போது அந்தப் பெயரில் 1200 சிசி வி4 இஞ்சினோடு மேங்க்ஸ் ஆர் வந்திருக்கிறது, 206 குதிரைத்திறன். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் அது எங்களில் பெரும்பாலோர் கைக்கு எட்டும் வண்டி அல்ல. நாங்கள் காத்திருப்பது சம்பளக்காரனும் தறி ஓட்டுபவனும் இரண்டு மூன்று வருடம் சேர்த்து வைத்து வாங்கக்கூடிய வண்டிக்கு.

ஆர்ஆர் 310-இல் நீங்களும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து செய்த ஒரு வேலையை முதலில் பாராட்டியாக வேண்டும். சிலிண்டரைப் பின்பக்கம் சாய்த்து, அதன் தலைப்பகுதியான ஹெட்டைத் திருப்பி, காற்று முன்னாலிருந்து உள்ளே போய்ப் புகை பின்னால் நேராக வெளியேறும்படி வைத்தீர்கள். எடை முன்சக்கரத்துப் பக்கம் நகர்ந்தது. வண்டியின் நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீட்ட முடிந்தது. வளைவில் சாய்க்கும்போது முன்சக்கரம் தரையோடு பேசுவது கையில் தெரியும். அதே 312 சிசியிலிருந்து 34 பிஎஸ் (குதிரைத்திறனின் மெட்ரிக் அளவு) எடுத்தவர்கள், 2024-இல் 38 பிஎஸ் எடுத்தீர்கள். சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தச் சக்தி முழுதாக வருவது 9800 ஆர்பிஎம்மில். இழுவையின் உச்சம் 7900-இல். எனக்குச் சொல்ல இருப்பது இங்கேதான் தொடங்குகிறது.

புது இஞ்சின் வரும்போது எல்லோரும் கேட்கப்போகும் முதல் கேள்வி, எத்தனை குதிரைத்திறன்? பாராமதியில் செய்யப்படும் ஏப்ரிலியா ஆர்எஸ் 457, 47.6 பிஎஸ் கொடுக்கிறது. அதைவிட ஒன்று கூட்டிக் காட்ட வேண்டும் என்ற நெருக்கடி உங்களுக்கு வரும். அதற்காக வால்வைத் திறக்கும் கேமை மாற்றி, இழுவையை 9000-க்கு மேலே தள்ளிவிடாதீர்கள். எங்கள் சாலைகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27, அதிலும் எதிரே கரும்பு லாரி பாதையை முழுசாக எடுத்துக்கொண்டு இறங்கி வரும். இரண்டாம் கியரில் 3000 ஆர்பிஎம்முக்கு வந்து, ஆக்சிலேட்டரை மூடித் திரும்பத் திறக்கும் அந்தக் கணத்தில் வண்டி வெட்டாமல், திணறாமல், நூல் பிடித்தாற்போல் இழுக்க வேண்டும். மேலே எத்தனை சக்தி இருந்தாலும் இந்த இடத்தில் இஞ்சின் தயங்கினால் அது மலைக்கு ஆகாத வண்டி. எஃப் 450 ஜிஎஸ்ஸின் 43 நியூட்டன் மீட்டர் 6750 ஆர்பிஎம்மில் வருகிறது. ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு மேலே இன்னும் கொஞ்சம் ஓடட்டும், சரி. நடுவே இருக்கும் சதையை மட்டும் கரைத்துவிட வேண்டாம்.

கிராங்க் பற்றியும் ஒரு வார்த்தை. 180 பாகையில் வைத்தால் இரண்டு பிஸ்டனும் எதிரெதிராக ஓடும், மேல் சுற்றில் நன்றாகப் பறக்கும். 270-இல் வைத்தால் ஒன்று முனையில் நிற்கும்போது மற்றது நடுவழியில் இருக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வரும் இரண்டாம் நிலை அதிர்வு தன்னாலே அடங்கிவிடும், சத்தமும் வி-ட்வின் போல இருக்கும். பிஎம்டபிள்யூ இஞ்சினில் 135 பாகை. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 225 பாகை, பிறகு 495. இப்படி வெடிப்பு சமமில்லாமல் விழும்போது பின்டயருக்கு நடுவில் ஒரு மூச்சு கிடைக்கிறது, பிடிமானம் நன்றாகத் தெரிகிறது என்று பந்தயக்காரர்கள் சொல்வார்கள். 180-இலும் வெடிப்பு சமமாக விழாதுதான், ஆனாலும் எனக்கு அது வேண்டாம். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஈரமான வால்பாறைச் சாலைக்காகச் சொல்கிறேன்.

அப்புறம் வெயில். கோடையில் வானிலை மையத்தின் பட்டியலில் கரூர் பரமத்தியும் ஈரோடும் 40 டிகிரிக்கு மேல் அடிக்கடி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த மதியத்தில் பெருந்துறைச் சாலை சிக்னலில் நிற்கும் வண்டியின் ரேடியேட்டர் ஃபேன் சூட்டை எங்கே தள்ளுகிறது என்பது எங்களுக்கு ஏரோடைனமிக்ஸை விடப் பெரிய விஷயம். தொடையில் தள்ளாதீர்கள். காற்றையும் மறக்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவே எப்படி அடிக்கும் என்று அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். பக்கவாட்டில் அகலமான ஃபேரிங் (வண்டியை மூடும் வெளி உறை) வைத்த வண்டி அந்தச் சாலையில் ஒரு முழம் நகரும். உங்கள் சோதனை வண்டிகளில் ஒன்றை ஆடியில் அந்தப் பக்கம் ஒருமுறை அனுப்பிவிட்டு பிறகு ஃபேரிங்கை முடிவு செய்யுங்கள்.

இனி, இந்த மடலை எழுத வைத்த விஷயம்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. அதற்கு மேலே போனால் 40. ஆக, 420 சிசி வண்டி வாங்குபவன் வரியாகவே ஒரு சின்ன வண்டியின் விலையைக் கட்டுவான். அப்படி வாங்கியவன் மூன்று வருடத்தில் விற்றுவிட்டு அடுத்ததுக்குப் போகமாட்டான். பத்து, பதினைந்து வருடம் வைத்திருப்பான். எங்கள் பக்கத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுபோனது, வண்டி இன்னும் ஓடுகிறது. உங்கள் சொந்த ஷோகன் பைக் இன்னும் ஓடுகிறது. சிலிண்டரைக் கடைந்து போர் பண்ணி, பிஸ்டன் ரிங் மாற்றி, கிராங்கைக் கழற்றிப் புது கனெக்டிங் ராடு போட்டு ஓட்டுகிறார்கள். அவை எளிய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் என்பது உண்மைதான். ஆனால் அவற்றை உயிரோடு வைத்திருப்பது எளிமை மட்டுமல்ல, திறந்து பார்க்கத் தெரிந்த ஊரும்தான்.

இந்த ஊரை உங்களுக்குத் தெரியும். கலங்கல் கிராமத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார்சைக்கிளைப் பார்த்து மயங்கிய ஜி.டி. நாயுடு, கோவையில் ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதே வண்டியை வாங்கினார். வாங்கி ஓட்டிக்கொண்டு திரியவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்து, திரும்பப் பூட்டினார். இன்று அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு அவர் பெயர். கணபதியிலும் குறிச்சியிலும் லேத் ஓடாத தெரு குறைவு. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ராஜஸ்தானில் நின்றுபோனால் கூடப் போன ஆளே பிரித்துச் சரிசெய்து அடுத்த குழிக்கு நகர்த்துவான். இந்தியாவில் பாதி பைக்கில் ஓடுவது போல எங்கும் கண்ணில் படும் ரோலான் செயின் கோவை எல்ஜிபியின் சரக்கு. செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் இருக்கிறது. ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் இந்த ஊர்ப் பையன். இஞ்சின் என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் இன்றைய வண்டி பட்டறைக்கு வந்தால் மெக்கானிக் அண்ணன் கையைக் கட்டி நிற்கிறார். டிஓஹெச்சி ஹெட்டில், அதாவது மேலே இரண்டு கேம் தண்டு இருக்கும் ஹெட்டில், வால்வு இடைவெளி சரிசெய்ய ஷிம் என்ற சின்னத் தகடு வேண்டும். எந்தத் தடிமன் என்பது அளந்த பிறகுதான் தெரியும். அளந்து சொன்னால் அந்த ஷிம் கையிருப்பில் இல்லை, ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டி ஹெட் மூடி திறந்தபடி பட்டறையில் நிற்கும். வேலையை நாள் தள்ளிப்போட்டு ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக அமராமல் சூடேறிக் கருகும். முள்ளங்கி விலையில் முடிய வேண்டிய வேலை ஹெட்டையே மாற்றுவதில் போய் நிற்கும். இன்னொரு பக்கம் மின்னணு. 2023 ஏப்ரலிலிருந்து பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதியின் இரண்டாம் கட்டம், கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஓபிடி-2 வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தக் கோளாறு எண்ணுக்கு என்ன பொருள், எந்த சென்சாரை எந்த வோல்ட்டில் சோதிப்பது என்பது விற்பனை நிலையத்துக் கணினிக்கு மட்டும் தெரிந்தால், அரவக்குறிச்சியில் நின்றுபோன வண்டிக்கு அது எப்படி உதவும்?

நாங்கள் கேட்பது இதுதான். அந்த இரண்டு சிலிண்டர் இஞ்சினை விற்கும் நாளிலேயே அதன் முழுச் சர்வீஸ் கையேட்டையும் விற்றுவிடுங்கள். எல்லா போல்ட்டுக்கும் முறுக்கு அளவு, எல்லா கிளியரன்ஸும், மின்சுற்று வரைபடம், கோளாறு எண்களின் விளக்கம், தமிழில். ஷிம் பெட்டியை முழுத் தொகுப்பாகக் கோவை, ஈரோடு, சேலம் கடைகளில் வையுங்கள். கேம் செயினையும் வாட்டர் பம்ப் சீலையும் இஞ்சினை இறக்காமல் மாற்றும்படி வரையுங்கள். இதை இப்போதே, கேஸ்டிங் அச்சு முடிவாகும் முன் யோசித்தால்தான் முடியும். வாங்கிய பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒன்றிய அரசே 2022-இல் ஒரு இணையதளம் தொடங்கியது, அதில் மோட்டார் வாகனங்களும் ஒரு துறை. அதை வழிநடத்திக் காட்டும் முதல் ஆளாக ஓசூர் இருந்தால் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

எரிபொருளையும் இதே கண்ணோடு பாருங்கள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இனி எங்கள் பெட்ரோல் பங்க்குகளில். எத்தனாலில் ஒரு லிட்டருக்குப் பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே உண்டு. ஆனால் ஆக்டேன், அதாவது அமுக்கும்போது தானாக வெடித்துவிடாமல் தாங்கும் திறன், அதிகம். மைலேஜ் குறையும் என்று ஓட்டுபவர்கள் வருத்தப்படுகிறார்கள், நியாயம்தான். புதிதாக வரையும் உங்களுக்கோ அந்த ஆக்டேனை வைத்துக் கம்ப்ரஷனை (கலவையை அமுக்கும் விகிதத்தை) கூட்ட ஒரு வாய்ப்பு. ஈரத்தை இழுக்கும் எரிபொருள் என்பதால் டேங்க் உட்பூச்சு, ஃப்யூவல் பம்ப், ரப்பர் குழாய் மூன்றையும் பதினைந்து வருடக் கணக்கில் தேர்ந்தெடுங்கள்.

கையேட்டின் தமிழ் வரைவு தயாரானால் அச்சுக்குப் போகும் முன் கணபதிப் பட்டறை ஒன்றுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு இஞ்சினையும் கூடவே எடுத்து வாருங்கள். கையேட்டை மட்டும் பார்த்து அவர்கள் அதைப் பிரித்துப் பூட்டட்டும். எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதுங்கள். இடமும் ஆளும் நாங்கள் ஏற்பாடு செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து, அந்த வண்டிக்குக் காத்திருக்கும் ஒருவன்