தூரம் குறைந்தால் ஊர் வளருமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்து, இப்போதுதான் எழுத முடிகிறது. மகனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். "கணினியில் செய்கிற வேலைதானே, அதற்கு ஏன் அவ்வளவு பெரிய நகரத்துக்குப் போகணும்?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை விடவேயில்லை. பதிலைத் தூரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

வான் தூனன் என்ற ஜெர்மானியர், மெக்லென்பர்க்கில் தன் பண்ணையின் வரவு செலவை வருடக்கணக்கில் எழுதி வைத்தவர். 1826இல் ஒரு கற்பனைச் சமவெளியை விவரித்தார். எங்கும் ஒரே மண், நடுவில் ஒரே நகரம். பாலும் காய்கறியும் கெட்டுப்போகும், அதனால் நகரத்தை ஒட்டிய முதல் வளையத்தில். அடுத்த வளையம் எது தெரியுமா? காடு! விறகு கனம், தொலைவிலிருந்து கொண்டுவந்தால் வண்டிக்கூலிக்கே கட்டாது. அப்புறம் தானியம். கடைசியில் கால்நடை, அது தானே நடந்து சந்தைக்கு வந்துவிடும். அந்தக் காட்டு வளையத்திலேயே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். மண் மாறவில்லை; தூரம்தான் பயிரையும் நிலவாடகையையும் மாற்றியது.

சரி, வண்டிக்கூலி குறைந்தால் தொழில் எல்லா ஊருக்கும் பரவ வேண்டுமே? நானும் அப்படித்தான் நம்பினேன். நேர்மாறாகவும் நடக்கும் என்று 1991இல் பால் குருக்மன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் காட்டினார். வண்டிக்கூலி அதிகமாக இருந்தவரை ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஆலை தேவை. ஓரளவு குறைந்ததும், பெரிய சந்தை உள்ள இடத்தில் மொத்தமாகச் செய்து அனுப்புவது லாபம். ஆலையைத் தேடி ஆட்கள், ஆட்களைத் தேடி கடைகள், அதைப் பார்த்து இன்னோர் ஆலை. சின்ன ஊருக்குப் போட்ட நல்ல சாலையே அங்கிருந்த பட்டறையை மூடவைக்கலாம். இதை நினைத்தால் மனசு கனக்கிறது. சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாலையோடு கடமை முடிந்தது என்று அரசுகள் இருந்துவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வேலையைக் கம்பி வழியே அனுப்பிவிடலாம். பக்கத்து மேசைக்காரர் செய்வதைப் பார்த்துக் கற்பதை அப்படி அனுப்ப முடியாது. ஒரு தொழில் குவிந்த இடத்தில் அதன் நுணுக்கங்கள் காற்றிலேயே கலந்திருக்கும் என்று ஆல்ஃபிரட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890இலேயே எழுதினார். அங்கே ஒரு வேலை போனாலும் வீடு மாறாமல் இன்னொன்று தேடலாம். இந்த வசதிக்கெல்லாம் சேர்த்துத்தான் வீட்டுக்காரர் வாடகை வாங்குகிறார்.

அலுவலகத்தை ஒட்டிச் சின்ன அறையா, தள்ளிப் பெரிய வீடா, எதை எடுத்தான் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்