மிளகாய் பழுக்கிறது: பறிப்பதும் காய வைப்பதும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்தில் நம் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த மிளகாய் நாற்றுகள் இப்போது பழம் விடத் தொடங்கியிருக்கின்றன. பறிப்பதையும் காய வைப்பதையும் பிள்ளைகளிடமே விடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். ராமநாதபுரம் மாவட்டத்தில் வத்தல் காய வைக்கத் தெரியாத வீடு இல்லை. அப்படியிருந்தும் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம் பூசணம். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில், என்ன மிளகாய் என்று பாருங்கள். குண்டாக, தடித்த தோலோடு, பழுத்ததும் பளபளவென்று கருஞ்சிவப்பாக இருந்தால் முண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது நம்முடைய இந்த முண்டுதான். விரல் போல நீண்டு நுனி கூராகத் தொங்கினால் சம்பா. சின்னதாக, வானத்தைப் பார்த்து நின்றால் காந்தாரி. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தச் செடியை எட்டாத இடத்தில் வையுங்கள். 'முண்டு நாற்று என்றார்கள், காய் நீளமாக வருகிறதே' என்று சிலர் கேட்டீர்கள். மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் தேனீக்கள் பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொண்டுவந்துவிட்டால், அந்த விதையில் முளைக்கும் செடி இரண்டுங்கெட்டானாகக் காய்க்கும். அதுவும் சமையலுக்கு ஆகும், விதைக்கு மட்டும் வேண்டாம்.

பழம் முழுக்கச் சிவக்கும் வரை காத்திருங்கள். பச்சை ஓடிய காயைப் பறித்துக் காய வைத்தால் வத்தல் வெளுத்துப் போகும். செடியிலேயே தோல் லேசாகச் சுருங்கினாலும் நல்லதுதான். காலைப் பனி உலர்ந்த பிறகு, ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, காம்போடு பறிக்கச் சொல்லுங்கள். வெடுக்கென்று இழுத்தால் கிளை முறியும். காம்பு பிய்ந்த பழத்தில் அந்த வாய் வழியே ஈரம் இறங்கி அழுகும்.

காரம் விதையில் இருக்கிறதா, தோலில் இருக்கிறதா என்று ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். பழத்தை நெடுக்காகக் கீறிக் காட்டினோம். விதைகள் ஒட்டியிருக்கும் வெளிறிய சதைப் பகுதியில்தான் காரம் அதிகம், விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரமாகிறது. அந்தக் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் கை எரிந்தால் தேங்காயெண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாய் எரிந்தால் தயிரோ பாலோ கொடுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவுங்கள், எண்ணெய் கூடவே கூடாது.

பறித்ததை ஒரு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் சீராகும். அடுத்த நாள் சுத்தமான தார்ப்பாயிலோ பாயிலோ ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். தார்ச்சாலை ஓரம் வேண்டாம், தூசியும் வண்டிப் புகையும் வத்தலில் படியும். பகலில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டு, பொழுது சாய்ந்ததும் அள்ளி மூடி வையுங்கள். பகலெல்லாம் காய்ந்தது ராத்திரிப் பனியில் திரும்ப நனைந்தால், பூசணம் பிடிக்க அதுவே போதும்.

முண்டின் தோல் தடிப்பு. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். சம்பா காய்ந்துவிட்டதே என்று முண்டையும் சேர்த்து அள்ளாதீர்கள். குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், காம்பு படக்கென்று ஒடிய வேண்டும். தோல் ரப்பர் போல வளைந்தால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். டப்பாவில் போடுவதற்கு முன் சிலவற்றைப் பிய்த்து உள்ளே பாருங்கள். வெளியே அருமையான சிவப்பாக இருக்கும் பழத்துக்குள்ளும் சாம்பல் நிறத்திலோ கறுப்பாகவோ பூசணம் பூத்திருக்கும். வத்தலில் பிடிக்கும் சில பூசணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது. நாம் வீட்டில் வறுப்பதாலோ தாளிப்பதாலோ முழுதாகப் போய்விடாது. 'கொஞ்சம்தானே, துடைத்துவிட்டு அரைத்துக்கொள்ளலாம்' என்று நினைக்க வேண்டாம். பிள்ளை வளர்த்த செடி, தூக்கிப்போட மனசு வராது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் போட்டுவிடுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும்கூட வைக்காதீர்கள்.

நன்றாகக் காய்ந்ததை ஈரமில்லாத, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, அவ்வப்போது வெயில் காட்டுங்கள். பளபளப்புக்காக எண்ணெய் தடவ வேண்டாம்.

கடைசியாக ஒரு கேட்பு. அடுத்த பருவ நாற்றுக்கு விதை வேண்டும். நோயில்லாத செடியில் நன்றாகப் பழுத்த பழத்தைத் தனியாக, கடும் வெயில் படாமல் உலர்த்தி, விதையைக் காகித உறையில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். உறையின் மேல் மாணவர் பெயர், வகுப்பு, மிளகாயின் வகை மூன்றும் இருக்கட்டும். வகை தெரியவில்லை என்றால் ஒரு முழு வத்தலையும் கூடவே போட்டு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். ஆண்டுத் தேர்வு தொடங்குவதற்கு முன் வந்து சேர்ந்தால் நல்லது.

அன்புடன்,
தலைமையாசிரியர்