ஜெப நடைக்குப் புறப்படும் முன்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் சபை வாலிபர்கள் வெளிநாட்டு ஊழியப் பயணம் போகத் துடிக்கிறார்கள், அங்கே தெருக்களில் நடந்துகொண்டே அந்த ஊருக்காக ஜெபிக்கும் ஜெப நடையும் நடத்த வேண்டுமாம், எப்படி ஏற்பாடு செய்வது என்று கேட்டிருக்கிறாய். இங்கேயும் இப்போது அதே வேலைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் பொதுவாக உபதேசம் பண்ணாமல், நாங்கள் செய்துகொண்டிருப்பதையே எழுதுகிறேன். உனக்கு எது பொருந்துமோ அதை எடுத்துக்கொள்.

போகும் நாட்டின் பெயரை மட்டும் இதில் எழுத மாட்டேன். போனில் சொன்னதுதான், உனக்குத் தெரியும். நாம் போய்விட்டு வந்துவிடுவோம். நம்மோடு படத்தில் நின்றவர்கள் அதே தெருவில் அதே அக்கம்பக்கத்தாரோடு வாழ வேண்டும். நேபாளத்தை எடுத்துக்கொள். 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி, ஒருவரை மதம் மாற்றினார் என்று நிரூபணமானால் 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்த 7 நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேற்றிவிடுவார்கள். அல்ஜீரியாவில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. இதையெல்லாம் உன் வாலிபர்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவுக்கு என்ன பெயர் வைப்பது என்பதுகூட இங்கே யோசிக்க வேண்டிய விஷயம் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கள் குழுவில் விதி இதுதான்: ஊர் திரும்பும்வரை யாரும் எதையும் பதிவிடக் கூடாது; திரும்பிய பிறகும், அங்குள்ள போதகர் பார்த்துச் சரி என்று சொன்ன படங்கள் மட்டும்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமான டிக்கெட், விசா, பணம் எல்லாவற்றுக்கும் முன்னால் உன் வாலிபர்களிடம் ஒரு கேள்வி கேள்: உங்களை யார் கூப்பிட்டார்கள்? ‘கர்த்தர் பாரம் தந்தார்’ என்பார்கள். நல்லது. ஆனால் அந்த ஊரில் இருக்கும் சபைக்கும் அதே கர்த்தர்தானே? அவர்களிடம் எதுவும் சொல்லாமல் இருந்திருப்பாரா? எங்களுக்கு அங்கிருந்து ஒரு போதகர் எழுதினார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: பிரசங்கம் பண்ண ஆள் வேண்டாம், மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். இங்கே நாங்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொருவரும் தன் வேலையிடத்திலும் தன் குடும்பத்திலும் தனியாளாக இருக்கிறோம். வந்து எங்களோடு இந்த ஊரைச் சுற்றி நடந்து ஜெபியுங்கள், போதும்.

இதைக் கேட்டதும் எங்கள் குழுவில் சிலருக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு செலவழித்து வெறும் நடைக்கா என்றார்கள். எனக்கோ அப்போதுதான் இந்தப் பயணம் போகத் தகுந்தது என்று தோன்றியது. ஜெப நடை என்றால் நாம் போய் அந்த ஊருக்கு ஏதோ செய்துவிட்டு வருவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டிருப்பவர்களின் பக்கத்தில் கொஞ்ச நாள் நடப்பது, அவ்வளவுதான் என்பது என் கட்சி. அழைப்பு இல்லையென்றால் போகாதே. அந்தப் பணத்தை அனுப்பிவிடு, இங்கிருந்தே ஜெபி. கசப்பாக இருந்தாலும் உன் கமிட்டியில் இதைச் சொல்லிவிடு.

அடுத்து எரிகோ, வேதாகமத்தில் இஸ்ரவேலர் சுற்றிச் சுற்றி நடந்து மதில் விழுந்த பட்டணம். ஜெப நடை என்றதும் யாராவது ஒருவர் யோசுவா 6ஆம் அதிகாரத்தைத் திறந்துவிடுவார். மதில் விழும், கோட்டை தகரும் என்று கோஷம் எழும்பும். ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நான் சொல்லும் நாள்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று யோசுவா ஜனங்களுக்குக் கட்டளையிட்ட 10ஆம் வசனம் மட்டும் யாருக்கும் நினைவிருப்பதில்லை! அதைவிட முக்கியமாக, எரிகோ எதிரியின் பட்டணம். நாம் போகும் ஊர் அப்படியல்ல. நம்மை அழைத்தவரின் பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த ஊர்க்காரன் ஒருவன் நம் ஜெபத்தைக் காதில் வாங்கினால், தன்னை யாரோ முற்றுகை போட வந்திருக்கிறார்கள் என்று நினைக்கக் கூடாது. தாங்கள் சிறைப்பட்டுப்போய் வாழும் பட்டணத்தின் சமாதானத்துக்காக விண்ணப்பம் பண்ணச் சொன்ன எரேமியா 29தான் எங்கள் குழுவுக்கு நான் கொடுத்திருக்கும் பாடம்.

ஏற்பாடு செய்கிறவனுக்கு, எருசலேமின் இடிந்த மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவைப்போல ஆசான் கிடையாது. எருசலேமின் செய்தி கேட்டதிலிருந்து தான் வேலை செய்த பாரசீக ராஜாவிடம் வாய் திறக்கும்வரை ஏறக்குறைய நான்கு மாதம் உபவாசமும் ஜெபமும். அப்புறம் ராஜா என்ன வேண்டும் என்று கேட்டதும் மனுஷன் தயாராக இருக்கிறான்: எத்தனை நாளில் திரும்புவேன், வழியிலுள்ள அதிபதிகளுக்குக் கடிதம், மரம் கொடுக்க வனக் காவலனுக்குக் கடிதம். விசா, அனுமதி, பொருள் எல்லாம் அதில் அடக்கம். ஊருக்குப் போய்ச் சேர்ந்தபின் கொஞ்சம் பேரோடு ராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்க்கிறான், ஒருவருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. நல்ல ஜெப நடைக்கு இதைவிட என்ன மாதிரி வேண்டும்?

சரித்திரத்திலும் ஜெபம் முன்னே போய், கால் பின்னால் போயிருக்கிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727இல் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறைபோட்டு இரவும் பகலும் ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கிலி நூறு ஆண்டுக்கு மேல் அறுபடவில்லை. அங்கிருந்து முதல் மிஷனரிகள் கரீபியன் தீவான செயின்ட் தாமஸுக்குப் புறப்பட்டது 1732இல்தான். ஒருவர் குயவர், ஒருவர் தச்சர். எங்கள் சபையிலும் அதேபோலச் சின்னதாக ஒரு முறை வைத்திருக்கிறோம். பயணம் வர முடியாதவர்கள், முக்கியமாகப் பெரியவர்கள், அந்த நாட்டின் நேரத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொண்டு, நாங்கள் தெருவில் இருக்கும் நேரத்தில் இங்கே முழங்காலில் இருப்பார்கள். உன் காலுக்கு முழங்காலில் நிற்பது ஆகாது, நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபி.

நடந்தே ஜெபித்த கூட்டத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். முதல் சிலுவைப்போர்ப் படைகள் போன வழியிலேயே 1996இல் கொலோன் நகரிலிருந்து ஒரு குழு புறப்பட்டது. அந்தப் போரின் பெயரால் நடந்த கொடுமைகளுக்காக வழியெங்கும் முஸ்லிம்களிடமும் யூதர்களிடமும் கிழக்குச் சபைக் கிறிஸ்தவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்கள். எருசலேம் வீழ்ந்த 900ஆம் ஆண்டு நினைவு நாளில், 1999 ஜூலை 15 அன்று, அந்த நகரத்தில் முடித்தார்கள். கூட்டத்தில் யாராவது வாளைப் பற்றிய பாட்டுப் பாடத் தொடங்கினால் இந்தக் கதையை நான் சொல்லிவிடுவேன்.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார். இருவர் இருவராக, அதிகம் போனால் மூவராக. லூக்கா 10இல் இயேசு எழுபது பேரை அனுப்பினதும் அப்படித்தானே. எங்களில் ஒருவர், உள்ளூர் விசுவாசி ஒருவர். வழியைத் தீர்மானிப்பது அவர்தான்; நாம் கூகுள் மேப்பில் கோடு போட்டுக்கொண்டு போகக் கூடாது. மூன்று, நான்கு கிலோமீட்டர் போதும், அவசரமில்லை. கண்ணை மூட வேண்டியதில்லை, சொல்லப்போனால் மூடவே கூடாது. பேசிக்கொண்டு போகிற குரலில் ஜெபிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர்கள், பள்ளிக்கூடம், நீதிமன்றம், வேலைக்கு ஆள் எடுக்கும் முனை, பேருந்து நிலையம் என்று பார்ப்பதற்கெல்லாம் ஜெபம் உண்டு. அந்த ஆஸ்பத்திரியில் தன் மனைவிக்கு நடந்ததை உள்ளூர்க்காரர் சொன்னால், நின்று கேள். ஜெபம் அங்கேயிருந்துதான் வரும். பவுல் அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணத்தைச் சுற்றித் திரிந்து பார்த்தபிறகுதான் பேசினான். பார்த்ததிலிருந்தே பேச்சை ஆரம்பித்தான்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பிற மதத்தாரின் வழிபாட்டுத் தலத்து வாசலில் கூடி நிற்பது, சுவரில் கை வைப்பது, எண்ணெய் ஊற்றுவது, கைப்பிரதியைத் திணிப்பது, இவை எதுவும் எங்கள் குழுவில் கிடையாது. கேட்டுக்கொள்ளாமல் யாரையும் படம் எடுக்கவும் கூடாது. ஒரே நிற டீ-ஷர்ட் அடிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதன் மேல் மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்கக் கமிட்டி விவாதம் நடந்தது. கடைசியில் வேண்டாம் என்று முடிவாயிற்று, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். யாராவது விசாரித்தால் பொய் சொல்லக் கூடாது. இந்த ஊர் நண்பர்களைப் பார்க்க வந்தோம், அவர்களோடு நடக்கிறோம், இந்த ஊருக்காக ஜெபிக்கிறோம். அதுதானே உண்மை.

மத்தியானம் எல்லோரும் கூடி, பார்த்தது கேட்டதை எழுதி, அந்தத் தாள்களை உள்ளூர் சபையிடமே கொடுத்துவிட வேண்டும். நாம் போனபிறகும் அவர்கள் அதை வைத்து ஜெபிப்பார்கள். எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்ற கணக்கை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். 1813இல் ரங்கூனில் இறங்கிய மிஷனரி அதோனிராம் ஜட்சன் முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819இல். ஒரு வாரம் தெருவில் நடந்துவிட்டு நாம் என்ன கணக்குக் காட்டுவது?

தாள் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்போர்ட் திரும்பும் தேதிக்கு அப்பால் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். பல நாடுகள் இதைக் கேட்கின்றன. சுற்றுலா விசாவில் மதப் பணி செய்யலாமா என்பதை அந்தந்தத் தூதரகத்தின் விதியிலேயே வாசித்துப் பார், ‘எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்’ என்பதை நம்பாதே. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடானால், போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016இல் விதியை மாற்றிவிட்டார்கள். காப்பீட்டில் அவசரமாக வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் செலவு சேர்ந்திருக்கிறதா, பழைய நோய்களுக்குச் செல்லுமா என்று பார்.

பணம். எல்லாம் ஒரே கணக்கில் வர வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து. கூடுதலாகச் சேர்ந்தால் அங்குள்ள மூப்பர்கள் கையில்தான். மனமிரங்கி ஒரு விசுவாசிக்குத் தனியாகக் கொடுத்தால், நாம் விமானம் ஏறுவதற்குள் அந்தச் சபை இரண்டாகும். லூக்கா 10 வீட்டுக்கு வீடு போகாதே, வைத்ததைச் சாப்பிடு என்கிறது. விருந்தாளிக்கு அதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியாது.

அனாதை இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு ஒருநாள் கழிப்பது உன் வாலிபர்களின் திட்டத்தில் இருப்பதைப் பார்த்தேன். தயவுசெய்து எடுத்துவிடு. உலகம் முழுக்க இத்தகைய இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வெளிநாட்டு விருந்தாளிகளின் பணம் வருகிறது என்பதற்காகவே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிக்கும் இடங்களும் உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2019இல் கொண்டுவந்த பிள்ளைகள் உரிமைத் தீர்மானத்திலேயே இல்லங்களில் நடக்கும் தன்னார்வப் பணியின் கேட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் கட்டிப்பிடித்துவிட்டுப் போகிறவர்களை வாராவாரம் பார்க்கும் பிள்ளையின் மனம் என்னவாகும்?

ஆள் தேர்வு பற்றி ஒரே வார்த்தை. நன்றாகப் பிரசங்கிக்கிறவனைவிட, கிடைத்த இடத்தில் தூங்கி, காத்திருக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் காத்திருப்பவனை எடு. குழுத் தலைவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் அடுத்த விமானத்தில் திரும்புவேன் என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கிக்கொள். எங்கள் பெரியவள் வரேன் என்கிறாள். மொழி கற்க ஆரம்பித்துவிட்டாள், வணக்கம் நன்றி தாண்டி இப்போது நலம் விசாரிக்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். அம்மாவுக்குத்தான் கொஞ்சம் பயம்.

உன் மருமகன் காப்பீட்டுக் கம்பெனியில்தானே இருக்கிறார்? எங்களுக்கு வந்திருக்கும் பாலிசித் தாளை இதோடு அனுப்புகிறேன். கலவரம் வந்தால் எது செல்லாது என்று சின்ன எழுத்தில் இருப்பதை அவரைப் படித்துப் பார்த்து எழுதச் சொல். அடுத்த மாதக் கமிட்டிக்கு முன்னால் பதில் வந்தால் உதவியாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்