செயலாளரின் ஆண்டறிக்கை: செட்பர்க் கிளைடரின் உரிமைக் கோப்பு

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி, காட்சிக்காக நாம் வாங்க எண்ணும் ஸ்லிங்ஸ்பி டி.21 செட்பர்க் என்ற, எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் யார் யார் கையில் இருந்தது என்பதைச் சரிபார்ப்பதில் போனது. இவ்வறிக்கையும் அதைப் பற்றியதே.

செட்பர்க் என்பது இருவர் அருகருகே அமரும் மரக் கிளைடர். இறக்கை நீளம் 54 அடி, அதாவது 16.46 மீட்டர். பிரிட்டனில் விமானப்படையைச் சார்ந்த பயிற்சி மாணவர் படையிடம் பல்லாண்டு இருந்தது. 1980களின் நடுவில் கண்ணாடியிழைக் கிளைடர்கள் வந்ததும் பல தனியார் கைக்கும் மன்றங்களுக்கும் மாறின. இங்குதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே கிளைடருக்குத் தொழிற்சாலை எண், விமானப்படை எண், பிரிட்டிஷ் கிளைடிங் சங்க எண் என மூன்று உண்டு. சிலவற்றுக்கு ‘ஜி’ எனத் தொடங்கும் அரசுப் பதிவும் உண்டு. விற்பவர் கடைசி எண்ணை மட்டுமே சொல்வார். அங்கிருந்து பின்னோக்கித் தேட வேண்டும்.

முதலில் கிளைடரில் பொருத்திய தகவல் தகடு. அதில் உள்ளதைப் படம் பிடித்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும்; தேய்ந்த 1, 7 இரண்டும் எளிதில் மாறிப்போகும். அடுத்து பறப்புப் பதிவேடு. ஒரு புத்தகத்தின் இறுதிக் கூட்டுத்தொகை அடுத்த புத்தகத்தின் முதல் வரியில் அப்படியே வந்திருக்க வேண்டும். இந்த வகைக்கு மணிக்கணக்கைவிட ஏவுதல்களின் எண்ணிக்கையே முக்கியம். விஞ்ச் எனும் கம்பி இழுக்கும் எந்திரம் மூலம் ஏற்றிய பயிற்சிப் பறப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடும். தேய்மானமோ ஒவ்வொரு தரையிறக்கத்திலும் சேரும். ஆண்டுகள் விடுபட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும். விபத்து, பழுது, விற்பனை ஆகியவை அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

விமானப்படைக் காலத்துக்குப் படிவம் 78 எனப்படும் நகர்வு அட்டை உதவும். அதில் ‘எஸ்ஓசி’ என்றிருந்தால் படைக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். உடைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டக் கூடாது. விற்கப்பட்டதற்கும் அதே குறிப்பு இருக்கலாம். பிரிட்டிஷ் விமானப்படை ஒரு காலத்தில் சிங்கப்பூரிலும் இருந்ததால், ‘இது இங்குள்ள சிலேத்தார் விமானத்தளத்தில் பறந்தது’ என்ற கதையும் சேர்ந்தே வரலாம். பதிவேட்டில் இடப்பெயர் இல்லாத வரை அதற்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தரலாகாது.

உடலுக்கும் இறக்கைக்கும் வெவ்வேறு வரலாறு இருக்கலாம். விபத்துக்குப் பின் வேறொரு கிளைடரின் இறக்கையைப் பொருத்துவது வழக்கம். அடையாளம் பொதுவாக உடலோடு போகும். ஆகவே பழுதுக் குறிப்பையும் அதன் பின் எடுத்த எடைத் தாளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் அரசின் வானூர்திப் பதிவேட்டில் பெயர் இருப்பது சட்டப்படியான உரிமைக்குச் சான்று அல்ல. நால்வர் கூட்டாக வாங்கி, ஒருவர் பெயரில் பதிந்திருப்பார்கள். பிறகு பங்குகள் ரசீதின்றிக் கைமாறியிருக்கும். எனவே விற்பனைப் பத்திரங்களின் சங்கிலி வேண்டும். அரசுப் பதிவு இருந்தால் வானூர்தி அடமானப் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

மரப் பாகங்களை ஒட்டிய பசையும் ஓர் ஆவணமே. எந்தப் பழுதுக்கு எந்தப் பசை என்பது தெரியாமல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரக் கூடாது. பால் புரதத்தில் செய்த கேசின் பசையை ஈரத்தில் பூஞ்சை தின்றுவிடும். மர ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் மரமே அழுகும் அபாயம் உண்டு. நம் ஊர்க் காற்றில் திறந்த கொட்டகை போதாது. ஈரம் உறிஞ்சும் கருவி உள்ள அறை இன்றியமையாதது. கிளைடரின் வடிகால் துளைகள் அடைபடாமலும் இருக்க வேண்டும்.

இதுவரை தகடு, இரண்டு பறப்புப் பதிவேடுகள், நகர்வு அட்டை ஆகியவற்றின் நகல்கள் கைக்கு வந்து, ஒன்றோடொன்று பொருந்துகின்றன. கடைசி இரு கைமாற்றங்களுக்குப் பத்திரம் வரவில்லை. அவை வரும்வரை முன்பணம் தர வேண்டாம் என்ற தீர்மானத்தைப் பொதுக்கூட்டத்தின் முன் வைக்கிறேன்.

செயலாளர்