கழற்றிய பாகத்தையும் மறுப்புக் கடிதத்தையும் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் முதன்மை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

வாரண்டிக் காலத்துக்குள்ளேயே பழுதாகும் கார் பாகத்தை இலவசமாக மாற்றித்தர நிறுவனமோ டீலரோ மறுத்தால், அந்த மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும், கழற்றிய பாகத்தை உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் வழிகாட்டு நெறிமுறைகளை ஆணையம் வெளியிடக் கோரி இந்த மடலை எழுதுகிறேன். என் ஊர் கம்பம். கூடலூரையும் லோயர் கேம்பையும் தாண்டி மலையேறினால் குமுளி, அதற்கப்பால் கேரளம். இந்தப் பள்ளத்தாக்கில் பலருக்கு வீடு தேனி மாவட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலும் இருக்கிறது. போடிக்காரர்கள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கித்தான் தோட்டத்துக்குப் போய்வருகிறார்கள்.

எங்கள் வண்டிகளில் கிளட்ச் பிளேட், வீல் பேரிங், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர் ஆகியவைதான் முதலில் போகின்றன. ஷோரூமில் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வரும்: இது தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது, அல்லது, நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை. பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்குத்தான் வாரண்டி, இயல்பான தேய்மானத்துக்கு இல்லை என்ற பிரிவினையை நான் குறை சொல்லவில்லை. அது நியாயமானதே. ஒரு பாகம் பழுதானால் காரையே மாற்றித்தர வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. தேய்ந்து போனதா, குறையோடு வந்ததா என்று தீர்மானிப்பவர் யார் என்பதே எங்கள் கேள்வி. குறை என்று ஒப்புக்கொண்டால் செலவை ஏற்க வேண்டிய தரப்பே பாகத்தைக் கழற்றிப் பார்க்கிறது, தீர்ப்பும் சொல்கிறது, பிறகு அந்தப் பாகத்தை வைத்துக்கொள்ளவும் செய்கிறது.

என் காரின் கிளட்ச், வாரண்டி முடிய நெடுநாள் இருக்கும்போதே ஏற்றத்தில் வழுக்கத் தொடங்கியது. எஞ்சின் இரையும், வண்டி நகராது. சர்வீஸ் அட்வைசர் போனில் சொன்ன காரணம், மலையில் அரைக் கிளட்சில், அதாவது கிளட்ச் பெடலைப் பாதி மிதித்தபடியே, ஓட்டியிருக்கிறீர்கள் என்பது. செய்யும் வேலையை ஷோரூமில் எழுதித்தரும் ஜாப் கார்டில் அந்தக் காரணம்கூட இல்லை. கிளட்ச் மாற்றம், கட்டணம் வாடிக்கையாளருடையது என்று மட்டும் இருந்தது. பணத்தைக் கட்டிவிட்டு, பழைய பிளேட் வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கி வந்தேன். கம்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் அதைச் சாக்கை விரித்து வைத்துப் பார்த்தார். அரைக் கிளட்சில் தேய்ந்த பிளேட் என்றால் அதன் உராய்வுப் பரப்பான லைனிங், அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகள் வரைக்கும் இறங்கியிருக்கும் என்றார். இதில் ரிவெட் தலைகளுக்கு மேல் லைனிங் நன்றாகவே நின்றது. ஆனால் ஒரு பக்கம் முழுக்கக் கருத்து, எண்ணெய் ஊறிப் பளபளத்தது. முகர்ந்து பார்க்கச் சொன்னார். கியர் ஆயிலுக்கே உரிய அந்தக் கந்தக நெடி. கியர் பாக்ஸ் ஆயில் சீல் கசிந்து, எண்ணெய் பிளேட்டில் இறங்கியதால்தான் வழுக்கியிருக்கிறது. பில்லை எடுத்துப் பார்த்தால், கிளட்சுக்குக் கீழே அடுத்த வரியிலேயே ஆயில் சீல் ஒன்று மாற்றியதாக விலையோடு போட்டிருந்தார்கள். சீல் கசிந்தது பழுது பார்த்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. பிளேட்டையும் பில்லையும் கொண்டுபோய் மேசையில் வைத்த பிறகு பாகங்களின் விலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பிளேட் பழைய இரும்போடு போயிருந்தால், மலையில் ஓட்டத் தெரியாதவன் என்ற பெயர்தான் எனக்கு மிஞ்சியிருக்கும்.

கழற்றிய பாகத்தில் காரணம் எழுதியே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவருக்கு. ஹப்பில் உள்ள ஸ்பிரிங் உடைந்த பிளேட் ஒரு கதை சொல்லும், சூட்டில் நீலம் பாய்ந்த பிரஷர் பிளேட் வேறு கதை சொல்லும். வீல் பேரிங்கில் தண்ணீர் புகுந்த துரு வேறு, பள்ளத்தில் இடித்த தடம் வேறு. இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம்; அறிக்கை 45 நாட்களுக்குள் வர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வழக்கு அந்தக் கட்டத்துக்கு வரும்போது, முத்திரையிட வேண்டிய பாகம் எங்கே இருக்கும்? எதிர்த்தரப்பின் கிடங்கிலோ, உருக்காலையிலோ இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில், பழைய பாகம் வேண்டுமா என்று ஜாப் கார்டில் எங்கோ ஓரத்தில் உள்ள கட்டத்தை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

மலை ஓட்டம் என்ற காரணத்தைத் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. அருவியும் தேயிலைத் தோட்டமும் பின்னணியில் ஓட, மேகத்துக்குள் ஏறும் காரைக் காட்டித்தான் விளம்பரம் செய்கிறார்கள். தேனியிலும் கட்டப்பனையிலும் வாங்குகிறவர் எந்தச் சாலையில் ஓட்டுவார் என்பது விற்பவருக்குத் தெரியாததல்ல. விற்கும்போது திறமை என்று காட்டிய அதே ஏற்றத்தைப் பழுதான பின் தவறான பயன்பாடு என்று எழுதுவது அநியாயம். பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரத்தின் முக்கிய உறுதிமொழிக்கு முரணாக இருக்கக் கூடாது என்றும், விளம்பரத்தின் மொழியிலேயே இருக்க வேண்டும் என்றும் நீங்களே 2022இல் நெறிமுறை வகுத்தீர்கள். தமிழிலும் மலையாளத்திலும் விளம்பரம் செய்துவிட்டு, விலக்குகளை ஆங்கிலக் கையேட்டின் பொடி எழுத்தில் வைப்பதற்கும் அதே அளவுகோல் பொருந்த வேண்டாமா?

வெளி மெக்கானிக் கை வைத்ததால் வாரண்டி போயிற்று என்பது இன்னொரு காரணம். இரவில் குட்டிக்கானத்தில் நின்றுபோன வண்டிக்கு, அருகில் இருக்கும் மெக்கானிக்கைத்தான் கூப்பிட முடியும். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தந்த உத்தரவில், வெளியில் பழுது பார்த்தார் என்பதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்று தெளிவாகச் சொன்னது. அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆனால் அதிலுள்ள நியாயம் எந்த ஷோரூம் கவுண்டருக்கும் பொருந்தும்.

எல்லையில் இருப்பதால் எங்களுக்கு ஓர் அலைச்சல் கூடுதலாக உண்டு. கேரளத்தில் வாங்கிய வண்டியைத் தேனிக்குக் கொண்டுபோனால், வாங்கிய இடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். அங்கே போனால், சர்வீஸ் செய்த இடத்தில் கேளுங்கள் என்கிறார்கள். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வதால், கம்பத்துக்காரர் மலையேறிக் கேரளத்துக்குப் போக வேண்டியதில்லை, தேனியிலேயே போடலாம். தன் பிழைப்புக்காகத் தானே ஜீப் ஓட்டித் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிறவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். இது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும், கையில் பாகமும் இல்லாமல் மறுப்புக் கடிதமும் இல்லாமல் வழக்குப் போட்டு என்ன நிரூபிப்பது?

சட்டத்தின் 18ஆம் பிரிவு, நியாயமற்ற வணிக நடைமுறைகளைத் தடுக்க நெறிமுறைகள் வெளியிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கிறது. ஓட்டல்கள் பில்லில் தாமாகச் சேர்த்த சேவைக் கட்டணம் தொடர்பாக 2022 ஜூலையில் அதைப் பயன்படுத்தினீர்கள். அதுபோலவே, வாரண்டி மறுப்புக் கடிதத்தில் பழுதான பாகத்தின் படம், அளந்த அளவு, நிறுவனம் ஏற்கும் குறைந்தபட்ச அளவு, முடிவெடுத்தவரின் பதவி ஆகியவை இருக்க வேண்டும் என்று வகுத்துத் தாருங்கள். தேய்மானப் பொருள் ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீட்டருக்குள், எத்தனை மாதத்துக்குள் போனால் குறையாகக் கருதப்படும் என்பதை விற்கும்போதே வாங்குபவரின் மொழியில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பாகத்தை ஆய்வுக்காக நிறுவனம் எடுத்துப்போக நேர்ந்தால், உரிமையாளர் முன்னிலையில் முத்திரையிட்டு, வழக்குத் தொடர அவருக்கு உள்ள இரண்டு ஆண்டுக் காலம் முடியும் வரை அதை அழிக்கக் கூடாது என்றும் சேர்க்க வேண்டுகிறேன்.

நெறிமுறையின் வரைவுக்காக நிறுவனங்களையும் டீலர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குக் கம்பம், போடி, குமுளி, வண்டிப்பெரியாறு போன்ற ஊர்களின் மெக்கானிக்குகளையும் அழையுங்கள். எந்தப் பாகம் எந்த வளைவில் எப்படிப் போகிறது என்பதை அவர்கள் கையில் எடுத்துக் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
கம்பத்திலிருந்து ஒரு கார் உரிமையாளர்