தனியா உடைத்த அத்தைக்கும் இன்னும் சிலருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

புத்தகம் என்று சொன்னால் கொஞ்சம் அதிகம். 64 பக்கம், 40 பிரதி, அவ்வளவுதான். பூவும் கீரையும் பயிரிட்டு வந்த பெங்களூர்த் திகளர் என்ற சாதியாரைப் பற்றி, அதாவது நான் வாழ்க்கைப்பட்ட வீட்டாரைப் பற்றி எழுதியது, போன வாரம் சொந்தக்காரர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. நன்றி சொல்வதற்கென்று கடைசிப் பக்கத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தேன். அட்டையில் 'திகளர்' என்பதைத் 'திங்களர்' என்று அச்சடித்துக் கொண்டுவந்து நிறுத்திய கூத்தைச் சரிசெய்ய ஓடியதில் அந்தப் பக்கம் காலியாகவே போய்விட்டது. சரி, அச்சகத்துக்காரர் பாவம், அவர் எங்கே திகளரைக் கண்டார். விட்டுப்போன நன்றியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் செஞ்சிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். 11 வருடத்துக்கு முன் கல்யாணமாகிப் பெங்களூர் வந்தேன். வந்த அன்று சமையலறையில் அத்தையும் நாத்தனாரும் பேசிக்கொண்டது தமிழாகத் தொடங்கி, பாதியில் கன்னடத்துக்குள் போய், மறுபடி தமிழில் வந்து நின்றது. இது என்ன பாஷை என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வீட்டு பாஷை" என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. போன வருடம் மகளுக்காக ஒரு அலுவலகத்தில் படிவம் நிரப்பப் போனபோது, "தமிழா கன்னடமா, ஒண்ணு சொல்லுங்கம்மா, பின்னால ஆள் நிக்குது" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் சத்தம் போட்டார். வாயடைத்து நின்றேன். அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான் இந்த 64 பக்கம், ஆகவே அவருக்கும் ஒரு நன்றி இருக்கட்டும்.

முதல் நன்றி அத்தைக்கு. தோட்ட வேலை என்றால் எனக்குத் தெரியாதா, நானும் கிராமத்துக்காரிதானே என்ற நினைப்பில்தான் அவர் முன்னால் உட்கார்ந்தேன். கொத்தமல்லி எப்படி விதைப்பீர்கள் என்று கேட்டதும், பதில் சொல்லாமல் எழுந்து போய் ஒரு படி தனியாவைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, செங்கல் ஒன்றை எடுத்து அதன் மேல் மெதுவாக ஓட்டினார். ஒவ்வொரு மணியும் சரியாக இரண்டாகப் பிளந்தது. நான் செய்தபோது பாதி பொடியாகி ரசத்துக்குத்தான் ஆனது. "ரெண்டாகணும், மாவாகக் கூடாது" என்றார், அவ்வளவுதான் பாடம். 'பிசிலு' ஏறும் முன் 'சொப்பு' அறுத்துவிட வேண்டும் என்பார், பிசிலு வெயில், சொப்பு கீரை, இரண்டும் கன்னடம், அறுப்பது மட்டும் தமிழ். பனி ஈரம் போவதற்குள் அறுத்தால்தான் கட்டு மார்க்கெட் போய்ச் சேரும்வரை தலை நிமிர்ந்திருக்குமாம். நனைத்த வாழைநாரில் அவர் போடும் முடிச்சை மூன்று பக்கத்துக்கு எழுதிப் பார்த்தேன், படிப்பவருக்கு விளங்காது என்று எடுத்துவிட்டேன்.

லால்பாக்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரிய மாமாவுக்கு அடுத்த நன்றி. 1760-இல் ஹைதர் அலி அந்தத் தோட்டத்தைப் போடத் தொடங்கியபோது செடி வளர்க்கத் தெரிந்தவர்கள் என்று தமிழ்ப் பக்கத்திலிருந்து நம் ஆட்களை வரவழைத்தார் என்பது வீட்டில் சொல்லி வரும் கதை. மாமா அதைச் சொல்லும்போது ஹைதர் அலி ஏதோ நேற்றுச் சம்பளம் கொடுத்த முதலாளி போலத்தான் இருக்கும். அதற்கு முன்பே இங்கே வந்து ஏரிக்கரைகளில் பூவும் கீரையும் போட்டவர்கள் இருந்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். மாமாவிடம் சொல்லவில்லை.

நூலகத்தில் எனக்காக ஏணி ஏறிய அந்த அக்காவை மறக்க முடியாது. எட்கர் தர்ஸ்டன் ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் கடைசித் தொகுதியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்து, திகளர் வரும் இடத்தில் தாள் வைத்துக் கொடுத்தவர் அவர். பழங்கன்னடத்தில் 'திகுள' என்றால் தமிழர் என்று பொருள் என்பதைச் சொன்னவர் என் மகளின் கன்னட டீச்சர். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். கன்னடக்காரர்கள் தமிழர் என்று கூப்பிட்ட பெயரே சாதிப் பெயராகி நிற்க, படிவத்தில் தமிழா கன்னடமா என்று கேட்கிறார்கள்.

அப்புறம், எதிர்வீட்டுத் தம்பி. அவன் வீரகுமாரன். சித்திரைப் பௌர்ணமி இரவு தர்மராயசாமி கோயில் கரகம் திகளரபேட்டையிலிருந்து கிளம்பும்போது வாளோடு சுற்றி வருகிறவர்களில் ஒருவன். திரௌபதி திமிராசுரனை அழிக்க உண்டாக்கிய படை இது, அவள் சொர்க்கம் புறப்பட்டபோது போகாதே என்று அழுத இந்தப் பிள்ளைகளுக்காக வருடம் மூன்று நாள் வந்து போவதாக வாக்குக் கொடுத்தாள் என்று வீட்டு மாடியில் உட்கார்ந்து கதை சொன்னான். வாளால் வெற்று மார்பில் தட்டிக்கொள்வதற்குப் பெயர் 'அலகு சேவை'. எங்கள் ஊரில் அலகு குத்துவதை நினைத்துக்கொண்டேன். மல்லிகையால் கோபுரம் மாதிரி மூடிய கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் சுமப்பவர் புடவை, வளையல், தாலியோடு திரௌபதியாகவே வருகிறார். கரகம் விழுந்தால் வீரகுமாரர்களின் வாள் சும்மா இருக்காது என்பார்கள். நிஜமா என்று கேட்டேன். "விழாது அக்கா" என்றான்.

சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா ஸ்டேடியம் நிற்கிறது. ஓரமாக ஒரு துண்டு நீரைக் கரகச் சடங்குக்காக மிச்சம் வைத்திருக்கிறார்கள். தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இப்போது கெம்பேகவுடா பஸ் ஸ்டாண்டு. ஏரி போன பிறகு கீரைப் பாத்தி எங்கே இருக்கும்? இதை எழுதிய பக்கத்தில் கொஞ்சம் கோபமாகவே எழுதிவிட்டேன், வாசித்துவிட்டு நீக்கச் சொல்லாத மாமனாருக்கு நன்றி.

ஊரில் இருக்கும் என் அப்பாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கரக ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் போகும் என்று போனில் ஆச்சரியமாகச் சொன்னேன். "இதுல என்னம்மா அதிசயம், நம்ம திரௌபதி அம்மன் கோயில்ல முத்தால் ராவுத்தன் இல்லையா?" என்றார். சின்ன வயதில் தீமிதிக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாமியைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், முஸ்லிமான ராவுத்தர் ஏன் அம்மனுக்குக் காவல் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அப்புறம் இரண்டு பேரும் போனிலேயே எண்ண ஆரம்பித்தோம்: அம்மனின் காவல்காரர் அங்கே போத்துராஜா, இங்கே போத்தராஜா. அங்கே வன்னியர் சம்பு முனிவர் யாகத்தில் பிறந்த குலம், இங்கே திகளருக்கும் அக்னி, வன்னி, சம்பு என்றுதான் குலப்பெயர். பாரதக் கூத்தின் படுகளத்துக்கென்று தரையில் மண்ணால் செய்து படுக்க வைக்கும் துரியோதனன் மட்டும் இங்கே இல்லை. அன்றைக்கு ராத்திரி நான் எழுதிய 12 பக்கம்தான் புத்தகத்திலேயே உருப்படியான பகுதி என்பது என் எண்ணம்.

இரவெல்லாம் தட்டச்சு செய்த வீட்டுக்காரருக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன்.

கடைசியாக ஒன்று. அத்தைக்குக் கன்னடம்தான் படிக்க வரும், அதனால் நேற்று மகள் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினாள். தன்னைப் பற்றிய பக்கம் வந்ததும் அத்தை நிறுத்தச் சொல்லி, "செங்கல்லை உருட்டினேன்னு எழுதியிருக்கா உங்கம்மா. செங்கல் எங்கயாவது உருளுமா? தேய்ச்சேன்" என்றார். பிரதி வாங்கியவர்கள் 37-ஆம் பக்கத்தில் பேனாவால் திருத்திக்கொள்ளுங்கள்.